கிஜாங்கில் ஏறிய மலை

"ஒரு மலையை வண்டிக்குள்ள வெக்க முடியுமா, மாங்?"

கோமாங் லானுஸ் அப்போது ஒரு காரின் டிக்கிக்குள் பாதி உடம்பை நுழைத்து, ஸ்பீக்கர் பெட்டியின் திருகுகளை முடுக்கிக்கொண்டிருந்தான். யாரோ கேலி செய்கிறார்கள் என்று நினைத்து, "வெக்கலாமே, மேல கேரியர் இருக்கா?" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தான். தலையை வெளியே எடுத்துப் பார்த்தால், தடியை ஊன்றியபடி பான் ரஸ்மினி நின்றிருந்தார். முகத்தில் கேலியின் சாயல்கூட இல்லை.

பான் ரஸ்மினி என்றால் ரஸ்மினியின் அப்பா. அவருக்கென்று வேறு பெயர் இருந்தது. மகள் பிறந்தபிறகு ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பதூர் மலையடிவாரத்திலிருந்து கறுப்பு மணல் ஏற்றி கியாஞாருக்கு லாரி ஓட்டியவர். கண்ணில் அழுத்தம் ஏறி முதலில் ஓரங்கள் இருண்டன, பிறகு நடுவும் போயிற்று. ஊருக்குள் தடியோடு தனியாகவே நடப்பார். ஆனால் காரில் உட்காரவைத்தால் தீர்ந்தது. நாலு வளைவு திரும்புவதற்குள் அவருக்குப் பாலிங் வந்துவிடும்.

பாலித் தீவில் வலது, இடது என்று சொல்லிக்கொண்டு யாரும் பிழைப்பு நடத்துவதில்லை. காஜா என்றால் மலைப்பக்கம், கெலோட் என்றால் கடல்பக்கம். சாப்பிடும்போதுகூட 'உப்பைக் கொஞ்சம் கெலோடுக்குத் தள்ளு' என்றுதான் சொல்வார்கள். எங்கே நின்றாலும் காஜா எந்தப் பக்கம் என்பது கேட்காமலே உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது குழம்பிப்போவதுதான் பாலிங். வந்துவிட்டால் தலை சுற்றும், சோறு தொண்டையில் இறங்காது, சொந்தக் கையே யாருடைய கையோ போலத் தோன்றும்.

ரஸ்மினியை மலைக்கு அந்தப் பக்கம், வடகரையில் குபுதம்பஹானில் கட்டிக்கொடுத்திருந்தது. கல்யாணத்துக்குப் போனபோது இவர் பாலிங் பிடித்துப் படுத்துவிட்டார். கும்பிடும் நேரத்தில் கைத்தாங்கலாக எழுந்துவந்து, சம்பந்தி வீட்டுக் கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, பக்தியோடு சுற்றுச்சுவரைக் கும்பிட்டார். சின்னப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது அவர் காதில் விழுந்தது. அதன்பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை.

இப்போது ரஸ்மினிக்குக் குழந்தை பிறந்திருந்தது. மூன்றாம் மாதச் சடங்கில்தான் குழந்தையின் கால் முதன்முதலாக மண்ணில் படும். அதுவரை கைக்குக் கைதான், தரையில் இறக்கமாட்டார்கள்.

"அந்தக் கால் மண்ணுல படறப்ப நான் அங்க இருக்கணும்" என்றார் பான் ரஸ்மினி. "ஆனா போன தடவை மாதிரி மூட்டையாப் போய் இறங்க மாட்டேன். வண்டி எப்படித் திரும்பினாலும் காஜா எங்கன்னு காதுல கேட்டுக்கிட்டே இருக்கணும். நீதான் பாட்டெல்லாம் வெக்கிறியே, மலைய வெக்க முடியாதா?"

லானுஸ் கடையின் பெருமை வேறு வகை. அவன் கைபட்ட வண்டி தெருவில் போனால் ஓடு அதிரும், காப்பித் தம்ளர் மேசையில் நடக்கும். அவன் மனைவி முர்னி அடிக்கடி சொல்வாள்: "உன் கடைக்கு போர்டே வேணாம். மூணு ஊருக்குக் கேக்குது." அப்படிப்பட்டவனிடம் வந்து ஒருவர் திசையைக் கேட்கிறார். முடியாது என்று சொல்லத்தான் அவன் வாயைத் திறந்தான். "முடியும் உவா" என்று வந்துவிட்டது. உவா என்றால் பெரியப்பா.

பெரியவரின் பழைய கிஜாங் வண்டி கடைக்கு வந்தது. லானுஸ் கதவுகளின் உள்பலகையைக் கழற்றினான், தரைவிரிப்பைச் சுருட்டினான், உள்ளே எலி கட்டியிருந்த வீட்டைக் காலிசெய்தான். சீட்டுக்கட்டு அளவே உள்ள ஒரு கணினியை இருக்கைக்கு அடியில் பொருத்தினான். சாவியைத் திருப்பியதும் பாட்டரி ஒரு நொடி தொய்ந்தது, கணினி அணைந்துபோனது. அதற்கொரு மின்தேக்கி வைத்தான். அடுத்து, இன்ஜின் வேகம் ஏற ஏற ஸ்பீக்கரில் கொசு மாதிரி ஒரு ரீங்காரம். எல்லா எர்த் கம்பிகளையும் ஒரே திருகில் கொண்டுவந்து கட்டினான், கொசு செத்தது.

திசைதான் பாடாய்ப் படுத்தியது. இடுப்பு உயரத்துக்கு ஒரு பேஸ் பெட்டியைப் பழக்கதோஷத்தில் பின்னால் ஏற்றியிருந்தான். கணினியோடு இணைத்த திசைகாட்டிச் சில்லு அதன் காந்தத்தைப் பார்த்து மயங்கி, வண்டி எங்கே திரும்பினாலும் காஜா டிக்கியில்தான் இருக்கிறது என்று சாதித்தது. பத்தாததற்கு, ஆழமான பேஸ் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று காது கண்டுபிடிக்கவும் இல்லை. வாழ்நாளெல்லாம் பேஸை நம்பி வாழ்ந்தவன், அந்தப் பெட்டியைத் தன் கையாலேயே இறக்கிவைத்தான். முர்னி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அழுவணும்னா அழுதுடு" என்றாள்.

முன்கண்ணாடியின் இரு ஓரங்களிலும் நடுவிலும் கதவுகளிலும் பின்னாலும் உள்ளங்கையளவு ஸ்பீக்கர்களை வைத்தான். சில்லைக் கூரையில் ஒட்டினான். பெரியவர் உட்காரப்போவது முன்னிருக்கையில், இடப்பக்கம். அவருடைய காதுக்கு அருகிலிருக்கும் ஸ்பீக்கர் இமைப்பொழுதிலும் சிறு துளி தாமதித்துப் பேசினால், தூரத்திலிருப்பதும் அதுவும் ஒன்றாக வந்து சேரும்; அப்போது சத்தம் ஸ்பீக்கரை விட்டு வெளியேறி, ஆளில்லாத வெறும் காற்றில் போய் நிற்கும். இதெல்லாம் லானுஸ் படித்திருந்தான். நம்பியதில்லை.

என்ன சத்தம் வைப்பது என்ற கேள்வி வந்தது. மணி, பீப் எல்லாம் போட்டுக்காட்டினான். "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றார் பெரியவர். அவர் வீட்டின் காஜாப் பக்கம் வயலுக்குப் போகும் வாய்க்கால் ஒன்று ஓடியது. அந்தத் தண்ணீரைப் போய்ப் பதிவுசெய்துகொண்டு வந்தான்.

ஊர்மன்றத்துக்கு முன்னாலிருந்த திடலில் சோதனை நடந்தது. இடது இருக்கையில் லானுஸ் உட்கார, முர்னி ஓட்டினாள்.

"கண்ண மூடு" என்றாள். "ஏமாத்தாத."

மூடினான். முன்னால், கண்ணாடிக்கு அப்பால், தண்ணீர் சலசலத்தது. வண்டி திரும்பியது. தண்ணீர் திரும்பவில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்க, வண்டியும் இருக்கையும் அவனும்தான் அதைச் சுற்றிப் போனார்கள். வலக்காதுக்கு வந்தது, முதுகுக்கு வந்தது, இடத்தோளை உரசிக்கொண்டு மறுபடி முன்னால் வந்தது. கம்பி ஒவ்வொன்றையும் இழுத்தவன் அவன்தான். எந்த ஸ்பீக்கர் எப்போது பேசும் என்று எழுதிவைத்தவனும் அவன்தான். அப்படியும் அங்கே ஸ்பீக்கர் ஒன்றுகூட இல்லை, தண்ணீர்தான் இருந்தது. அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"என்ன, பேச்சையே காணோம்? வேலை செய்யுதா இல்லையா?" என்றாள் முர்னி.

"இன்னொரு சுத்து சுத்து."

"பெட்ரோல் உங்க அப்பனா போடறான்?" என்று கேட்டுக்கொண்டே அவள் சுற்றினாள். அப்புறம் தானும் அந்த இருக்கையில் உட்காரவேண்டுமென்று அடம்பிடித்தாள். ஐந்தாறு சுற்றுக்குப்பிறகு இறங்கியவள் அன்று சாயங்காலம்வரை அவனை ஒரு சொல் கேலி செய்யவில்லை. அவர்கள் வீட்டில் அது நடவாத காரியம்.

பெரியவரை ஏற்றி, வளைத்து, பின்னால் எடுத்து, தெருத் தெருவாக ஓட்டிக் கேட்டார்கள். கேட்ட இடத்திலெல்லாம் தயங்காமல் காஜாவைக் காட்டினார். கடைசியில் முன்பலகையைத் தடவிக்கொடுத்து, "இத்தனை நாளு இது எங்கடா போயிருந்துச்சு" என்றார். கணினியைக் கேட்டாரா, மலையைக் கேட்டாரா என்பது லானுஸுக்கு விளங்கவில்லை.

சடங்கு நாளன்று அவர் மனைவி, ரஸ்மினியின் அம்மா என்பதால் மென் ரஸ்மினி, படையல் கூடைகளோடு உறவினர் வண்டியில் முன்னாலேயே போய்விட்டாள். லானுஸும் பெரியவரும் கிஜாங்கில் கிளம்பினார்கள். ஏற்றம் முழுக்கத் தண்ணீர் முன்னால் ஒலித்தது. பெரியவர் ஒரே குஷியில் இருந்தார். எந்த வளைவில் எந்த டிரைவர் மணலைக் கொட்டினான், எவன் பிரேக் இல்லாமல் இறங்கி வாழைத்தோப்புக்குள் போய் நின்றான் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கிந்தாமணியில், பதூரையும் ஏரியையும் சுற்றி வளைந்த மலைவிளிம்பில் குளிர் வந்தது, பனிமூட்டம் வந்தது. உச்சியைத் தாண்டி வண்டி வடக்கே இறங்கத் தொடங்கியது.

கொஞ்ச நேரத்தில் அவர் பேச்சு நின்றுபோயிற்று. லானுஸ் திரும்பிப் பார்த்தான். நெற்றி முழுக்க வேர்வை.

"மாங், வண்டி இறங்குதுதானே?"

"ஆமா உவா. இனி கடல்வரைக்கும் இறக்கந்தான்."

"ஏறறப்ப மலை முன்னால இருந்துச்சு, சரி. இறங்கறப்பவும் முன்னாலயே இருக்கு. அப்ப நாம எந்த மலைக்குள்ள இறங்கறோம்?"

லானுஸ் பிரேக்கை அழுத்தினான். சாலையோரத்தில் ஒரு கமலா ஆரஞ்சுக் கடை. அதன் முன்னால் வண்டி நின்றது. தெற்குச் சரிவில் பிறந்து வளர்ந்தவனுக்குக் காஜா என்றால் வடக்கு. கணினியிலும் வடக்கு என்றே எழுதிவைத்திருந்தான். மலையின் மறுபக்கத்தில் காஜா தெற்கே இருக்கும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. 'புலெலெங்காரன் காஜாவைக் கூடத் திருப்பி மாட்டியிருக்கான்' என்று பள்ளிக்கூடத்தில் வடகரைப் பிள்ளைகளைச் சீண்டிய கூட்டத்தில் அவனும் ஒருவன். எழுதும்போது அது ஞாபகத்துக்கே வரவில்லை.

"வடக்குன்னு போட்டுட்டேன், உவா."

"உன்ன வடக்க யாருடா கேட்டது? நான் காஜா கேட்டேன்."

"நம்ம பக்கம் ரெண்டும் ஒண்ணுதானேன்னு..."

"என் பொண்ணு நம்ம பக்கத்துலயா இருக்கா?"

லானுஸ் மடிக்கணினியைத் திறந்தான். ஒரு கழித்தல் குறி போதும், வடக்கு தெற்காகிவிடும். போட்டான். முன்னால் ஓடிய தண்ணீர் கண்ணிமைக்கும் நேரத்தில் முதுகுக்குப் பின்னால் போய் விழுந்தது.

பெரியவர் கதவைப் பிடித்துக்கொண்டு அலறினார். "நிறுத்து! நிறுத்துடா! மலைய ஏண்டா புடுங்கி நடறே?" கதவைத் திறந்து, சாலையோரம் குனிந்து, காலையில் சாப்பிட்டதையெல்லாம் கக்கினார். கடைக்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். லானுஸ் சத்தத்தை அணைத்தான். தான் செய்த வேலை ஒரு மனிதரை இப்படித் தரையில் உட்காரவைத்ததைப் பார்க்க அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மென் ரஸ்மினி போனில் கூப்பிட்டாள். பூசாரி வந்தாயிற்றாம், எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். இன்னும் அரைமணி நேர இறக்கம்தான் பாக்கி.

"இப்படியே போயிடலாம் உவா. கண்ண மூடிப் படுத்துக்கங்க, நேரத்துக்குக் கொண்டு சேத்துடறேன்."

"நேரத்துக்கு வண்டி போய்ச் சேந்துடும். நான் போய்ச் சேர வேணாமா?" வாயைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "மலை துள்ளாது மாங். நாமதான் அதத் தாண்டணும். என்ன மேல கூட்டிட்டுப் போ. மறுபடி தாண்டுவோம்."

லானுஸ் உட்கார்ந்து புதிதாக எழுதினான். வடக்கு வேண்டாம், தெற்கு வேண்டாம். எரிமலையான பதூர் வாய்பிளந்திருக்கும் இடத்தைப் போனின் வரைபடத்தில் தேடியெடுத்து, அந்த ஒரு புள்ளியைக் கொடுத்தான். வண்டி எங்கே நின்றாலும் தண்ணீர் அந்தப் புள்ளியிலிருந்து வரட்டும். கடைக்காரி எட்டிப்பார்த்து, "என்ன பண்றே தம்பி?" என்று விசாரித்தாள். "மலைய எடுத்த இடத்துல வெக்கிறேன்" என்றான்.

சத்தம் இல்லாமல் திரும்ப ஏறினார்கள். பெரியவர் கண்ணை இறுக மூடி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தார். விளிம்புச் சாலையின் தென்கோடிக்கு வந்து, அங்கிருந்து இன்னும் கொஞ்சம் தெற்கே இறங்கி, வண்டியை மலையைப் பார்க்கத் திருப்பி நிறுத்திவிட்டுச் சத்தத்தைத் திறந்தான் லானுஸ். முன்னால் தண்ணீர். பெரியவர் ஒரு பெருமூச்சு விட்டார். வலக்கையை நீட்டி அதைச் சுட்டிக் காட்டினார்.

"போ. மெதுவாப் போ."

கிஜாங் ஊர்ந்தது. சாலை விளிம்போடு வளைந்தது. தண்ணீர் முன்கண்ணாடியின் நடுவை விட்டு, இழுக்காமல் துள்ளாமல், வலப்பக்கம் நகர்ந்தது. பெரியவரின் விரலும் கூடவே நகர்ந்தது. ஓட்டுபவன் வலப்பக்கம் இருந்தபடியால் விரல் அவன் மூக்குக்கு நேராக வந்து நின்றது. லானுஸ் கழுத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு ஓட்டினான். எதிரே வந்த லாரிக்காரன் ஹாரனை அடித்து ஏதோ திட்டிக்கொண்டு போனான். அவனுக்கென்ன தெரியும்?

அப்போது பனி விலகியது. விரலின் நுனி காட்டிய இடத்தில், இம்மி பிசகாமல், பதூர் நின்றது. உறைந்த தீக்குழம்பு கறுப்பாக மடியில் சரிந்திருக்க, அடியில் ஏரி. லானுஸ் எத்தனையோ முறை பார்த்த மலைதான். சுற்றுலாக்காரர்கள் நின்று படமெடுத்து வழியை அடைக்கிறார்களே என்று எரிச்சல்படுவானே தவிர, நின்று பார்த்ததில்லை. பார்வையில்லாத மனிதர் அதைத் தொட்டுக்கொண்டு வருவதைப் பார்த்தபோதுதான், இவ்வளவு பெரிய ஒன்று இங்கே இருக்கிறதென்று அவனுக்கே உறைத்தது. பயமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

விரல் அவன் முகத்தைத் தாண்டி, அவன் தோளைத் தாண்டி, பின்கதவுக்குப் போயிற்று. பெரியவர் இருக்கையில் உடம்பைத் திருப்பிக்கொண்டார். உச்சி வந்தது, இறக்கம் தொடங்கியது. விரல் இப்போது பின்கண்ணாடியைக் காட்டியது. அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுக் கையை இறக்கினார்.

"தாண்டிட்டோம்" என்றார். "பசிக்குது, மாங்."

குபுதம்பஹானில் பாதிச் சடங்கு முடிந்திருந்தது. குழந்தையின் காலை மண்ணில் வைக்கும் கட்டத்தை மட்டும் ரஸ்மினி பிடிவாதமாக நிறுத்திவைத்திருந்தாள். மாமியார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்க, பூசாரி காப்பி குடித்துக்கொண்டிருந்தார். வண்டியிலிருந்து இறங்கிய பான் ரஸ்மினி ஒரு கணம் நின்றார். கைத்தாங்கலாகப் பிடிக்க வந்தவர்களை வேண்டாமென்று தடுத்து, தடியைத் தட்டிக்கொண்டு முற்றத்துக்குள் நடந்து, கோயில் இருக்கும் பக்கம் நேராக முகத்தை வைத்து உட்கார்ந்து கும்பிட்டார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பேத்தியை அவர் கையில் கொடுத்தார்கள். மலையைப் பார்க்கப் பிடித்து, இரண்டு பாதங்களையும் மண்ணில் வைத்தார். குழந்தை விரல்களை மடக்கிக்கொண்டு வீலென்று கத்தியது. எல்லோரும் சிரித்தார்கள், அவர் மட்டும் அழுதார்.

சாப்பாடு ஆனபிறகு ரஸ்மினி அப்பாவின் அருகில் வந்து உட்கார்ந்தாள். சின்ன வயதிலிருந்தே அவரை நானாங் என்றுதான் கூப்பிடுவாள்.

"நானாங், யாரும் சொல்லாம காஜா எப்படித் தெரிஞ்சுது?"

"தாண்டி வந்தேன், தெரிஞ்சுது."

அவள் கொஞ்ச நேரம் குழந்தையின் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். "எனக்கு இன்னும் தெரியல" என்றாள், தாழ்ந்த குரலில். "காஜா மூலைல இருக்கற கூடைய எடுன்னா, நான் கடல்பக்கம் போறேன். சிரிக்கறாங்க. காலைல கண்ணு முழிச்சா வீடே திரும்பிக் கிடக்கு. மலை அங்கதான் இருக்கு, கண்ணுக்குத் தெரியுது. உடம்புக்குத்தான் தெரிய மாட்டேங்குது."

"ஏண்டி சொல்லல?"

"உங்களுக்கே முடியாமப் போச்சு. நான் வேற சொல்லணுமா? கல்யாணத்தன்னிக்கு வழியெல்லாம் அழுதுட்டே வந்தேன். மலைய எப்பத் தாண்டினோம்னே எனக்குத் தெரியல, நானாங்."

பான் ரஸ்மினி தடியைத் தேடி எடுத்து எழுந்தார். "மாங்! சாவி எங்க?"

லானுஸ் அப்போதுதான் இரண்டாவது தட்டுச் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தான். அவர் முகத்தைப் பார்த்ததும் தட்டை வைத்துவிட்டு எழுந்தான். முன்னிருக்கையில் ரஸ்மினி, சத்தம் சரியாகச் சேருவது அந்த ஓர் இடத்தில்தான். பின்னால் பெரியவர், மடியில் பேத்தி. எங்கே போகிறீர்கள் என்று சம்பந்தியம்மாள் வாசலிலிருந்து கேட்டாள். "உங்க மருமகளக் கூட்டிட்டு வரப் போறோம்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார் பான் ரஸ்மினி.

சத்தம் இல்லாமல் மலையேறி, விளிம்பைக் கடந்து, தெற்கே போய்த் திருப்பினான் லானுஸ். வெயில் சாய்ந்திருந்தது.

"கண்ண மூடிக்க, லூ" என்று மகளைச் செல்லமாக அழைத்தார் பெரியவர். "கைய நீட்டி அதக் காட்டிக்கிட்டே வா. விட்டுடாத."

தண்ணீர் முன்னால் எழுந்தது. வளையல் போட்ட கை நீண்டது. லானுஸ் தானாகவே கழுத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். விளிம்பு நெடுக அந்தக் கை மெல்ல மெல்லத் திரும்பியது. நடுவில் ஓரிடத்தில் தயங்கி நின்றது. லானுஸ் வேகத்தைக் குறைத்தான். மறுபடி நகர்ந்தது. உச்சி கடந்து வண்டி முன்சாய்ந்தபோது அவள் இருக்கையில் முழுக்கத் திரும்பியிருந்தாள். நீட்டிய விரல் அப்பாவின் தோளுக்கு மேலே பின்கண்ணாடியைக் காட்டியது. மூடிய கண்களிலிருந்து கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"நானாங், மலை பின்னால போயிடுச்சு."

"பின்னால இல்லடி" என்றார் பான் ரஸ்மினி. "உன் வீட்டுக்கு மேல இருக்கு."